முதலில் காற்று, பிறகு கேமரா
நீர்மேல் இரை பிடிக்கும் பறவைகள்: வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி மழைக்குக் கண்மாய்கள் பெருகத் தொடங்கிவிட்டன. வடக்கிலிருந்து ஆலாக்களும் (ஆங்கிலத்தில் டெர்ன்) வந்து சேர்ந்துவிட்டன. தண்ணீருக்கு மேலே இரை தேடும் பறவைகளைப் பறக்கும்போதே படமெடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் ஊர்க் கண்மாயில் சுற்றிச் சுற்றி வந்து தண்ணீரைத் தொட்டுவிட்டுப் போகும் வெள்ளைப் பறவைகளை எடுக்கப் பார்க்கிறேன். கேனான் 1500டி, 55-250 லென்ஸ். ஸ்போர்ட்ஸ் மோடில்தான் வைக்கிறேன். பத்துக்கு ஒன்பது கலங்கல். பெரிய லென்ஸ் வாங்கினால்தான் சரியாகுமா?
– வாசகர், மேலூர்

இப்போதைக்கு லென்ஸ் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் பறவை மீசை ஆலா. புரட்டாசி வாக்கில் வந்து சித்திரை வரை நம் கண்மாய்களில் இருக்கும். பெரும்பாலும் தண்ணீரில் முங்காது. இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் வலம் வந்து, நீர்ப்பரப்பில் தெரியும் பூச்சியையோ மீன்குஞ்சையோ அலகால் கொத்திக்கொண்டு மேலேறிவிடும்.

20 மீட்டர் தூரத்தில், விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அது உங்களைக் குறுக்காகக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவை அசைக்காமல் பிடித்து, 250 மி.மீ.-இல் 1/500 விநாடிக்கு எடுத்தால், பறவையின் பிம்பம் உங்கள் சென்சாரில் ஏறக்குறைய 68 பிக்சல் தூரம் இழுபட்டுவிடும். 1/2000 வைத்தாலும் 17 பிக்சல் இழுபடும். எவ்வளவு வேகமான ஷட்டர் வைத்தாலும் பறவையோடு கேமராவும் சேர்ந்து திரும்பினால்தான் படம் தெளியும்.

ஸ்போர்ட்ஸ் மோடு ஷட்டர் வேகத்தை உங்கள் கையில் தராது. டயலை ‘எம்’மில், அதாவது மேனுவலில் வையுங்கள். ஷட்டர் 1/2500, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 6.3, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன் அளவு) வெளிச்சத்துக்கு ஏற்ப 400 முதல் 1600 வரை. ஐஎஸ்ஓ 1600 என்றதும் பயப்பட வேண்டாம். புள்ளி தட்டிய படத்தைப் பின்னால் ஓரளவு சரிசெய்யலாம், கலங்கிய படத்தைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஃபோகஸை, நகரும் பொருளைத் தொடர்ந்துகொண்டே இருக்கும் ‘ஏஐ செர்வோ’வுக்கு மாற்றுங்கள். உங்கள் கேமராவில் 9 ஃபோகஸ் புள்ளிகள் உண்டு, அவற்றில் நடுப்புள்ளி மட்டும்தான் கிராஸ் வகை. நிலைக்கோடு, கிடைக்கோடு இரண்டையும் உணரக்கூடியது அது ஒன்றே. ஆகவே ஒன்பதையும் திறந்து வைக்காமல் நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுங்கள். பறவை நடுவில் விழுந்தால் போதும், அழகாக வெட்டி அமைப்பதைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். கஸ்டம் ஃபங்ஷனில் ‘ஷட்டர்/ஏஇ லாக் பட்டன்’ என்று ஒன்று இருக்கும். அதில் ஃபோகஸைப் பின்பக்க ஸ்டார் பட்டனுக்கு மாற்றிவிடுங்கள். கட்டைவிரல் ஃபோகஸ் பிடிக்கும், ஆள்காட்டி விரல் படமெடுக்கும். முதல் வாரம் கை குழம்பும், அதன்பிறகு பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது.

இனி உடம்பு. பறவை எங்கே வந்து முடியும் என்று நினைக்கிறீர்களோ, அந்தத் திசைக்குப் பாதங்களைத் திருப்பி வைத்துக்கொண்டு, இடுப்பை மட்டும் முறுக்கிப் பறவை வரும் பக்கம் திரும்புங்கள். அது நெருங்க நெருங்க முறுக்கு அவிழும், கடைசிவரை தடங்கலின்றித் திரும்பலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்வதால், பறவை சரியான இடத்துக்கு வரும் நேரத்தில் இடுப்பு மேலே திரும்பாமல் நின்றுவிடுகிறது. இடது கை லென்ஸின் முன்பாதியைத் தாங்கட்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டட்டும். பறவை சிறிதாக, தூரத்தில் இருக்கும்போதே வ்யூஃபைண்டரில் பிடித்துவிடுங்கள். பக்கத்தில் வந்தபிறகு தேடினால் கிடைக்காது.

பழகுவதற்குக் கண்மாய்தான் வேண்டும் என்றில்லை. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிப் பறக்கும் மாடப்புறாக்கள் போதும். புறாவைத் தொடர்ந்து நடுப்புள்ளியில் வைத்திருக்க முடிந்தால் ஆலாவுக்குக் கை தயார்.

சாமநத்தம் கண்மாயில் பறவைகளுக்குக் குறைவில்லை. ஆனால் என் படங்களில் முதுகும் வாலும்தான் தெரிகின்றன. ஒரு பறவையாவது முகத்தைக் காட்டக் கூடாதா?
– வாசகி, ஐராவதநல்லூர்

காட்டும், நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றினால். இந்த இதழில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நீர்மேல் இரை தேடும் பறவை காற்றை எதிர்த்தே பறக்கும். எதிர்க்காற்றில், தரையை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் குறைவு, கீழே இருப்பதைப் பார்க்க அதற்கு நேரம் கிடைக்கிறது. மீசை ஆலா கண்மாயின் ஒரு கோடியில் தொடங்கி, காற்றுக்கு எதிராக மெல்ல மெல்லத் தேடிக்கொண்டே வரும். மறுகோடி வந்ததும் உயரே ஏறி, காற்றோடு சர்ரென்று பின்வாங்கி, தொடங்கிய இடத்துக்கே போய் மறுபடி ஆரம்பிக்கும். வரும்போதுதான் இரை தேடுகிறது. போகும்போது எடுத்த படத்தில் வேகம் இருக்கும், வேறொன்றும் இருக்காது. காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறது என்றால், இரை தேடும் ஒவ்வொரு பறவையும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். காற்று முதுகில் பட வேண்டும், வெயிலும் முதுகில் பட வேண்டும்.

இந்த இரண்டும் சேர்ந்து அமைவதில் மதுரைச் சீமைக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. இங்கே நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்கிலும் தெற்கிலும் வளைந்து கிடக்கும், தண்ணீர் மேற்கே விரிந்திருக்கும். ஐப்பசி முதல் தை வரை காற்று வடகிழக்கு. காலை வெயில் தென்கிழக்கைச் சார்ந்த கிழக்கு. நீங்கள் கரையின் வடகோடிக்குப் போய், மேற்கும் சற்றுத் தெற்குமாகப் பார்த்து நின்றால், வெயில் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரும், காற்று வலது தோளுக்குப் பின்னாலிருந்து வரும். ஆலாக்கள் வடகிழக்கு நோக்கி, அதாவது உங்களை நோக்கி, முகத்தில் வெயில் பட வரும். அதே கரையின் தென்கோடியில் நின்று வடமேற்கே பார்த்தால் பறவைகள் இடமிருந்து வலமாகப் பக்கவாட்டில் கடக்கும். அதுவும் நல்ல படந்தான். முகத்துக்கு வடகோடி, சிறகு விரிப்புக்குத் தென்கோடி.

காற்று எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? சேற்றுத் திட்டிலோ நட்டுவைத்த கம்புகளிலோ உட்கார்ந்திருக்கும் ஆலாக்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே திசைக்கு அலகை நீட்டிக்கொண்டிருக்கும். காற்று வருவது அங்கிருந்துதான். இறகுக்குள் காற்றுப் புகாமலிருக்க அவை அப்படி உட்காருகின்றன. கிளம்பும்போதும் அந்தத் திசைக்கே கிளம்பும்.

காற்றே இல்லாத விடியலில் இந்தக் கணக்கு செல்லாது, பறவைகள் எப்படி வேண்டுமானாலும் திரியும். இலை அசையத் தொடங்கும் வரை காத்திருங்கள். மாலையில் வடகிழக்குக் காற்றும் மேற்கு வெயிலும் எதிரெதிராகிவிடும், பறவையின் முகம் நிழலுக்குப் போய்விடும். அப்போது சிறகு வழியே வெயில் ஊடுருவும் எதிர்வெளிச்சப் படங்களுக்கு முயலலாம். ஆனி, ஆடியில் நிலைமை தலைகீழ். காற்று மேற்கிலிருந்து பலமாக வீசும். கண்மாயின் மேற்கே, நீர்ப்பிடிப்புப் பக்கம் நின்று மாலையில் எடுக்க வேண்டும். அந்த மாதங்களில் மீசை ஆலா இருக்காது. ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் ஆற்று ஆலாவும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும்தான் கிடைக்கும்.

இன்னும் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கில் மீன்குஞ்சுகள் திரளும். பறவைகள் திரும்பத் திரும்ப அதே பத்து மீட்டர் இடத்துக்கு வரும், ஃபோகஸ் பிடிப்பது மிகச் சுலபம். இரண்டாவது, நடவுக்காகத் தொளி அடிக்கும் டிராக்டர். சேற்றைக் கலக்கும்போது வெளிவரும் பூச்சிக்காகக் கொக்குகளோடு மீசை ஆலாக்களும் பின்னாலேயே வரும். வண்டி ஓட்டுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டால், கண்மாயில் ஒரு காலை முழுக்க நின்று கிடைக்காத நெருக்கம் அங்கே கிடைக்கும்.

வெள்ளைப் பறவையின் உடம்பு வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது. இறகே தெரியவில்லை. வானத்தில் பறந்தால் அதே பறவை கறுப்பாகிவிடுகிறது. கேமரா கோளாறா?
– வாசகர், திருமங்கலம்

கோளாறு இல்லை. கேமராவின் வெளிச்ச அளவி (மீட்டர்) முழுச் சட்டத்தையும் சராசரி பார்க்கிறது. கறுத்த தண்ணீருக்கு நடுவே சின்ன வெள்ளைப் பறவை இருந்தால், ‘இருட்டாக இருக்கிறது’ என்று வெளிச்சத்தைக் கூட்டிப் பறவையை எரித்துவிடும். பின்னணியில் வெளிறிய வானம் வந்தால் குறைத்துவிடும். பறவையின் மேல் விழும் வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆகவே ஆட்டோ ஐஎஸ்ஓ வேண்டாம், எல்லாவற்றையும் மேனுவலில் நிலையாக வையுங்கள்.

மேகமில்லாத நாளில், சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழித்து 1/2500, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்குங்கள். ஒன்பது மணி வாக்கில் ஐஎஸ்ஓ 400 போதும், தூய வெள்ளைக் கொக்கு என்றால் 320. அதே வெயிலில் நிற்கும் ஒரு கொக்கை முதலில் எடுத்து, திரையில் ஹைலைட் எச்சரிக்கையை (எரிந்துபோன வெள்ளையை மின்னிக் காட்டும் வசதி) போட்டுப் பாருங்கள். கொக்கின் நெஞ்சு முழுக்க மின்னினால் ஐஎஸ்ஓவை ஒரு படி குறையுங்கள். ஓரத்தில் ஓரிரு புள்ளி மட்டும் மின்னும் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். மேகம் வந்தால் மீண்டும் ஒரு கொக்கு, மீண்டும் ஒரு சோதனை. ரா கோப்பாக (சென்சாரின் மூலப் பதிவாக) எடுத்தால் நிழலிலிருந்து கொஞ்சம் மீட்கலாம். எரிந்துபோன வெள்ளையில் இறகு இல்லை, மீட்க எதுவும் இல்லை.

இவ்வளவு செய்தும் சிறகின் அடிப்பக்கம் மட்டும் இருட்டாக வந்தால், காரணம் சூரியன் உச்சிக்கு ஏறுவது. ஏழிலிருந்து எட்டரை வரை சாய்ந்த வெயில் சிறகுக்கு அடியிலும் நுழையும், தண்ணீரில் பட்டும் எதிரொளிக்கும். கரை மேல் நிற்பதைவிட, இறங்கி நீர்மட்டத்துக்கு அருகில் உட்கார்ந்தால் பறவை கண்ணுக்கு நேராக வரும், பின்னணியும் தூரமாகித் தெளிவாகப் பிரியும்.

வைகை அணைப் பக்கம் ஆற்று ஆலா தலைகுப்புறப் பாய்கிறது. நான் பட்டனை அழுத்தும்போது தண்ணீர்த் துளி மட்டுமே இருக்கிறது. எப்போது அழுத்த வேண்டும்?
– வாசகர், ஆண்டிபட்டி

பாய்ந்தபிறகு அல்ல, பாயப்போகும்போது. மஞ்சள் அலகும் கருந்தொப்பியுமாக வரும் ஆற்று ஆலா, மீனைக் கண்டதும் நடுவானில் நின்றுவிடும். சிறகடிப்பு தொடரும், இடம் மாறாது. உடம்பு ஏறக்குறைய நிமிர்ந்து, வால் விரிந்து, அலகு மட்டும் நேராகக் கீழே குத்திட்டு நிற்கும். சில சமயம் ஒரு மீட்டர் இறங்கி மறுபடி நிற்கும், சில சமயம் மனம் மாறி விலகிப் போகும். பாய்வது உறுதியானதும் சிறகுகள் மணிக்கட்டில் மடங்கிப் பின்னால் சாயும். உங்கள் விரல் அழுந்த வேண்டியது அந்த மடக்கில்தான்.

ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் ஒரு விநாடியில் தண்ணீரைத் தொட்டுவிடும். கண் பார்த்து விரல் அழுத்தவே கால் விநாடி ஆகும். விநாடிக்கு 3 படம் எடுக்கும் கேமராவில் மிஞ்சுவது இரண்டு படம், 10 எடுப்பதில் ஏழு. துளி தெறிப்பதைப் பார்த்து அழுத்துவோருக்குத் துளிதான் கிடைக்கும்.

ஃபோகஸுக்கு ஒரு வழி சொல்கிறோம். பறவை நின்று சிறகடிக்கும்போது கட்டைவிரலால் ஃபோகஸைப் பிடியுங்கள். சிறகு மடங்கியதும் கட்டைவிரலை எடுத்துவிட்டு, கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டே சுடுங்கள். செங்குத்தாக விழும் பறவைக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் அதிகம் மாறாது, பிடித்த ஃபோகஸ் அப்படியே நிற்கும். 400 மி.மீ., எஃப் 8, 30 மீட்டர் தூரம் என்றால் ஏபிஎஸ்-சி சென்சாரில் (1500டி போன்ற கேமராக்களில் உள்ள அளவு) ஏறக்குறைய 1.7 மீட்டர் ஆழத்துக்குத் தெளிவு இருக்கும், அது போதும். கட்டைவிரலை எடுக்காவிட்டால் ஃபோகஸ் அலையின் மினுமினுப்புக்குத் தாவிவிடும். ஷட்டர் 1/3200-க்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே துளிகள் கோடாகும்.

தண்ணீருக்குள் போனதும் பலர் கேமராவைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். நல்ல படம் இருப்பது அதற்குப் பிறகுதான். கணநேரத்தில் மீனோடு வெளியே வரும், காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். அதனால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முன்பே தெரியும். சில மீட்டர் ஏறியதும் பறந்தபடியே உடம்பை உதறும், துளிகள் சுற்றிலும் சிதறும். பிறகு மீனைத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். மீன் அலகில் குறுக்காக இருக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிக்குத்தான் பர்ஸ்ட்டை (தொடர்ந்து எடுக்கக்கூடிய படங்களை) மிச்சம் வைத்திருக்க வேண்டும். வட்டமிடும்போதே பர்ஸ்ட்டைத் தீர்த்துவிட்டால் கார்டில் எழுதி முடியும்வரை கேமரா அடைத்துக்கொள்ளும்.

இதற்குப் பழக கருப்பு வெள்ளை மீன்கொத்தியைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அதுவும் ஒரே இடத்தில் நின்று சிறகடித்துவிட்டுத்தான் பாயும், அதே பாலக் கம்பிக்கோ கிளைக்கோ திரும்பி வந்து உட்காரும்.

புது மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். பறவைக் கண் ஃபோகஸ் இருந்தும் பல நேரம் பின்னாலிருக்கும் வேலிக்கருவைதான் தெளிவாகிறது. சில படங்களில் சிறகு ரப்பர் போல வளைந்திருக்கிறது.
– வாசகர், கே.கே. நகர், மதுரை

வளைவுக்குக் காரணம் எலக்ட்ரானிக் ஷட்டர். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. சாதாரண சென்சார் ஒன்று முழுச் சட்டத்தையும் படிக்க 1/30 முதல் 1/60 விநாடி வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் சிறகு இடம் மாறிவிடுகிறது. ஷட்டரை 1/4000 ஆக்கினாலும் இந்த வளைவு போகாது, ஏனென்றால் ஒவ்வொரு வரியும்தான் 1/4000, எல்லா வரியும் ஒரே நேரத்தில் அல்ல. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், விநாடிக்குக் கிடைக்கும் படங்கள் குறைந்தாலும் பரவாயில்லை. மிக வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சார் உள்ள விலை கூடிய கேமராக்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

வேலிக்கருவை விஷயத்தில், முழுச் சட்டத்தையும் ஃபோகஸ் பரப்பாகத் திறந்து வைத்திருப்பீர்கள். நடுவில் ஒரு சிறிய பரப்பை மட்டும் வைத்து அதற்குள் பறவைக் கண்டறிதலை இயக்குங்கள். டிராக்கிங் உணர்திறனை ‘லாக்டு ஆன்’ பக்கமாக இரண்டு படி நகர்த்தினால், பறவைக்கும் லென்ஸுக்கும் நடுவே கோரைப்புல்லோ அலையோ வந்தாலும் ஃபோகஸ் உடனே தாவாது. லென்ஸில் ஃபோகஸ் எல்லைச் சுவிட்ச் இருந்தால் தூரப் பகுதிக்கு மட்டும் வையுங்கள், லென்ஸ் தேவையில்லாமல் அருகே வரை போய்த் திரும்பும் நேரம் மிச்சமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பறவை வானத்துக்கோ வெறும் தண்ணீருக்கோ முன்னால் இருக்கும்போதே பிடியுங்கள். செடியின் முன் வந்தபிறகு பிடிக்க முயன்றால் எந்தக் கேமராவும் தடுமாறும்.

எஃப் 5.6-இல், 400 மி.மீ.-இல், 20 மீட்டரில் தெளிவின் ஆழம் ஏபிஎஸ்-சி கேமராவுக்கு அரை மீட்டர்தான். மீசை ஆலாவின் சிறகு விரிப்பே 70 செ.மீ. அளவு. கண் தெளிவாக இருந்து சிறகு நுனி மெல்லக் கரைந்தால் அது பிழையல்ல. கண் கரைந்து சிறகு நுனி தெளிந்தால் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.

ட்ரைபாட் வேண்டுமா?
– வாசகி, உசிலம்பட்டி

இரண்டு கிலோவுக்குள் உள்ள லென்ஸுக்கு வேண்டாம், கைதான் வேகமாகத் திரும்பும். கை சோர்ந்தால் மோனோபாட் எனும் ஒற்றைக்கால் தாங்கி. 1/2000-க்கு மேல் போகும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடலாம், அல்லது பக்கவாட்டு நகர்வுக்கு உரிய இரண்டாம் மோடில் வைக்கலாம்.

மார்கழி விடுமுறையில் தனுஷ்கோடி போகிறோம். கடற்காகங்களை எடுக்க ஆசை. எங்கே நிற்க வேண்டும்?
– வாசகர், செல்லூர்

மதுரையிலிருந்து ராமேசுவரம் ஏறக்குறைய 170 கி.மீ., அங்கிருந்து அரிச்சல்முனை இன்னும் 20 கி.மீ.க்குச் சற்றுக் கூட. தனுஷ்கோடிச் சாலையில் நேரக் கட்டுப்பாடு உண்டு, அன்றைய நிலவரத்தை ராமேசுவரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். செக்போஸ்ட் திறக்கும் நேரத்துக்கு அங்கே இருக்கும்படி மதுரையில் புறப்பட வேண்டும்.

மார்கழியில் அங்கேயும் வடகிழக்குக் காற்றுதான், கண்மாய்க் காற்றைவிடப் பலம். பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கியிருக்கும். காலையில் தென்கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் இடப்பின்னால், காற்று வலப்பின்னால். பழுப்புத் தலைக் கடற்காகங்கள் காற்றில் சாய்ந்து ஏறக்குறைய நின்ற இடத்திலேயே மிதக்கும், 1/1600 கூடப் போதும். குளிர்காலத்தில் அவற்றின் தலையில் பழுப்பு இருக்காது. கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டும், சிறகு நுனிக் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும், அவற்றை வைத்து அடையாளம் காணுங்கள். செக்கச்சிவந்த பெரிய அலகோடு, அலகைக் கீழே சாய்த்துத் தேடிக்கொண்டே வருவது காஸ்பியன் ஆலா. அது பத்து மீட்டர் உயரத்திலிருந்தும் பாயும். சேற்றுப் பரப்பில் பாயாமல் தாழப் பறந்து நண்டையும் பூச்சியையும் கொத்தினால் பருத்த அலகு ஆலா.

விசைப்படகுகள் கரை திரும்பி மீன் பிரிக்கும் காலை நேரத்தில் கடற்காகங்கள் படகைச் சூழ்ந்து கத்திக்கொண்டு இரையைத் தட்டிப் பறிக்கும். அப்போது ஒரே பறவையைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் தொடருங்கள், கூட்டம் முழுவதையும் எடுக்க நினைத்தால் ஒன்றும் தேறாது. இரண்டு பறவை ஒரே மீனுக்குச் சண்டையிடும்போது எஃப் 8. பங்குனிக்குள் போவது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு இல்லை, வலசை வந்த பறவைகளும் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

பூநாரைகள் நிற்கும் சதுப்பில் இறங்காதீர்கள். தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. நூறு மீட்டர் நெருங்க ஆசைப்பட்டு நீங்கள் நடந்தால் மொத்தக் கூட்டமும் மேய்ச்சலை விட்டு எழும்பிவிடும்.

பதினொரு மணிக்கு எடுத்த தூரப் படங்கள் எல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளிகின்றன.
– வாசகர், அவனியாபுரம்

சுட்ட தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றலை. ஷட்டர், ஃபோகஸ், லென்ஸ் எதுவும் இதைத் தீர்க்காது. ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள், அல்லது 25 மீட்டருக்குள் வரும் பறவையை மட்டும் எடுங்கள். தார்ச்சாலைக்கு மேலாகவும், காரின் சூடான பானெட்டுக்கு மேலாகவும் லென்ஸை நீட்டாதீர்கள்.

கடற்காகத்துக்குப் பொரி, மிக்சர் வீசினால் பக்கத்தில் வருகிறது. அதில் தவறுண்டா? கண்மாய்த் திட்டில் ஆலா முட்டையிட்டால் எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கலாம்?
– வாசகி, திருப்பரங்குன்றம்

வீச வேண்டாம். உப்பும் எண்ணெயும் சேர்ந்த தீனி மீன் தின்னும் பறவைக்கு உணவல்ல. தவிர, கைக்கு வரும் பறவையின் படத்தில் இரை பிடிக்கும் அந்தப் பாய்ச்சலே இருக்காது, பிச்சை வாங்கும் கழுத்துதான் இருக்கும்.

ஆற்று ஆலா மாசி முதல் வைகாசி வரை, தண்ணீர் வற்றித் தெரியும் மணல் திட்டுகளில், கூடு என்று ஒன்று கட்டாமல், தரையில் ஒரு குழியிலேயே முட்டையிடும். முட்டைக்கு மணலின் நிறம், மிதித்தபிறகுதான் தெரியும். பங்குனி வெயிலில் தாய் எழுந்து போனால் சில நிமிடங்களிலேயே முட்டை வெந்துவிடும், காக்கையும் நாயும் அதற்காகக் காத்திருக்கும். ஆகவே தூரக் கணக்கு வேண்டாம், திட்டுக்குப் போகவே வேண்டாம். கரையில் நிற்கும்போதே ஆலா உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தால் அது மீனுக்கான பாய்ச்சல் அல்ல, உங்களை விரட்டுகிறது. உடனே பின்வாங்குங்கள், அந்தப் படத்தையும் எடுக்காதீர்கள். பறவையின் கூட்டையும் முட்டையையும் குலைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையாடுதலுக்குள்ளேயே அடங்கும்.

கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தபிறகு ஜூம் வளையம் நறநறக்கிறது. லென்ஸிலும் புகை படிந்தது போல இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், பழங்காநத்தம்

நறநறப்பு மணல். வளையத்தை மேலும் திருப்பாதீர்கள், உள்ளே இன்னும் இறங்கும். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் புளோயரால் இடுக்குகளில் ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம். மென்தூரிகையால் தட்டிவிட்டு மறுபடி ஊதுங்கள். அப்படியும் போகாவிட்டால் சர்வீஸ் கடைதான்.

புகை போன்றது உப்புப் படலம். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால் கேமரா உடலையும் லென்ஸ் குழலையும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். முன்கண்ணாடியை முதலில் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் இரண்டு சொட்டு விட்ட மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிநோக்கி வட்டமாகத் துடையுங்கள். உலர்ந்த உப்பின் மேல் நேரடியாகத் துணி போட்டால் கண்ணாடியின் பூச்சு கீறும். மோனோபாட் காலைத் தண்ணீரில் அலசி, மூட்டுகளைத் திறந்துவைத்துக் காய விடுங்கள். அடுத்த முறை லென்ஸின் முன்னால் ஒரு யுவி ஃபில்டர், உடலுக்கு ஒரு பாலித்தீன் உறை. கரையில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது.

ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ இறங்கியதும் வரும் புகை வேறு. அது குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படிவது. துடைக்கத் துடைக்க மறுபடி படியும். கேமராவை மூடிய பைக்குள்ளேயே வைத்து, வெளியே அரை மணி நேரம் விட்டபிறகு திறங்கள். காரில் போகிறவர்கள் பாம்பன் பாலம் தாண்டியதும் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டால், தனுஷ்கோடி சேர்வதற்குள் கேமரா வெளிச்சூட்டுக்கு வந்திருக்கும். வீடு திரும்பியதும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் ஈரம் ஏறியது பார்த்ததுமே தெரியும், வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து ஆறவைத்து மறுபடி பயன்படுத்தலாம்.